மணக்காத கொம்பு

சந்தன மரம் ஒன்று எங்காவது நின்றால் அதைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு மணக்கும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினோம். எலப்புள்ளியில் நெல்லும் கடலையும் விளைவித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் சந்தன மரத்தைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. நாங்கள் அறிந்த சந்தனம் பூசை அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த விரல் நீளக் கட்டை ஒன்றுதான். விசேஷ நாள்களில் அப்பா அதைக் கல்லில் இழைத்தால் கூடம் முழுவதும் மணக்கும். இத்தனை சிறிய கட்டைக்கே இந்த மணம் என்றால் இலையும் பட்டையும் வேருமாக நிற்கும் முழு மரம் எப்படி மணக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். சந்தனக் காடுகளுக்குப் பேர்போன மறையூரில் அண்ணனுக்கு அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்தபோது, "அந்த ஊர்ல துணியத் தொவச்சுக் கொடியில போட்டாலே மணக்குமாமா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். மரத்துக்குள், வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் மட்டுமே மணம் இருக்கிறது, வெளிக்கட்டைக்கும் பட்டைக்கும் இலைக்கும் எந்த வாசனையும் கிடையாது என்று எங்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இந்த அறியாமைதான் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தது என்று சொல்லி முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இத்தனை காலமும் சொல்லி முடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. மரம் எதுவென்று தெரியாமல் போனது ஒரு பிழை. அந்தப் பிழைக்கு யார் பெயரைப் போடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தெரிந்தே எடுத்த முடிவு வேறொன்று. அந்த முடிவை எடுத்தவர் என் அண்ணன். பக்கத்தில் நின்று அதற்குத் தலையாட்டியவள் நான்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையா என்று அழைப்போம். என் நங்கையா வடகரப்பதியிலிருந்து வந்தவர். ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மணமாகி ஓராண்டுகூட ஆகாத பெண்ணை மலைமேல் தனியாக விடக்கூடாது என்று, பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மறையூரில் பேருந்தை விட்டு இறங்கியதும் நான் முதலில் செய்த காரியம் மூச்சை ஆழ இழுத்ததுதான். வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் புகை நெஞ்சில் இறங்கியது. சந்தனத்தைக் காணோம். வேலிக்கு அப்பால் காடு வெகுதூரம் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

எங்களுக்குக் கிடைத்த வாடகை வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இரண்டே அறைகள் கொண்டது. முன்னறையில் இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு பெஞ்சு, கரும்பு வயலைப் பார்த்த ஒரு சன்னல். மழை ஒழுகிப் பலகையில் பெரிய கறை படிந்திருந்தது. அந்த அறையை நங்கையா முதல் நாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "வந்தவிய ஒடம்பு உக்காரச் சேரு இருக்குது, அம்முணி. அவிய கண்ணு எங்க போயி உக்காரும்?" என்று என்னிடம் கேட்டார். விருந்தாளியின் கண்ணுக்கு இருக்கை கொடுக்காவிட்டால் அது வீட்டாரின் இல்லாமையைத்தான் சுற்றிச் சுற்றி வரும், அப்போது வந்தவருக்கே கூச்சமாகிவிடும் என்பது அவர் எண்ணம். வீட்டு அலங்காரம் பற்றி வழவழப்பான தாள்களில் அச்சிட்ட புத்தகங்களைப் பிற்காலத்தில் நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொன்னதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அந்த அறை மாறத் தொடங்கியது. சன்னலோரத்தில் கழுத்து உடைந்த மண்குடம் ஒன்றில் கரும்புப் பூக்கள் நின்றன. வெயில் பின்னாலிருந்து விழும்போது அவை வெள்ளியும் இளஞ்சிவப்புமாக மாறும். அவற்றைக் கொடுத்த வயல்காரர், "எடுத்துட்டுப் போ தாயி, பூத்த கரும்பைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. கண்ணு முன்னாடி இல்லாம இருந்தாச் சரி" என்று தானே வெட்டிக் கொடுத்தார். கரும்பு பூத்தால் சாற்றில் இனிப்புக் குறையும் என்ற கவலை அவருக்கு. ஒழுகல் கறையின் மேல் தைலப்புல்லைக் கற்றையாகக் கட்டித் தொங்கவிட்டார் நங்கையா. காற்று அடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து எலுமிச்சை மணம் எழும். தேங்காய்த் தொட்டிகளில் பாசியும் பெரணியும், அகலத் தட்டில் தண்ணீர் விட்டு ஆற்றுக் கூழாங்கற்களும் வைத்தார். உயிருள்ள கிளையை அவர் ஒடித்ததில்லை. விழுந்ததையும், எப்படியும் வெட்டப்படப் போவதையும்தான் எடுப்பார். நான்கு நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுவார். "வாடுனதை வெச்சுக்கிட்டு வாங்கன்னு சொல்றது பொய்யாட்டம் இருக்கும்" என்பார்.

அண்ணனுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. உடன் வேலை செய்பவர்களின் வீடுகளில் கண்ணாடி அலமாரியும் அதற்குள் பிளாஸ்டிக் ரோஜாவும் வந்துவிட்ட காலம் அது.

"இதென்ன ஊடா, மாட்டுக் கொட்டாயா? புல்லைக் கொண்டாந்து தொங்க உட்டிருக்கற?" என்று ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கத்தினார்.

"மாடு வந்தாத் தின்னுட்டுப் போவட்டும், மனுசன் வந்தாப் பாத்துட்டுப் போவட்டும். நீங்க எதுன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன பண்ணிக்கலாமுங்க" என்றார் நங்கையா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடினேன். அண்ணனும் சிரித்துவிட்டார் என்று இங்கே எழுத ஆசைதான். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நங்கையாவுக்கு இப்படிப் பதில் சொல்லும் வாய் இருந்தது என்பதை நான் எழுதியே ஆகவேண்டும். ஏனென்றால் பிற்காலத்தில் எங்கள் சொந்தத்தில் பிறந்த பிள்ளைகள் அவரை வாயில்லாப் பூச்சி என்றுதான் அறிவார்கள்.

அண்ணனின் மனம் திடீரென்று மாறியதற்குக் காரணம் அவருடைய மேலதிகாரி. ஏதோ அலுவலாக அவர் அண்ணனை மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தார். அதன் கூடத்தில் இலையில்லாத வெளுத்த மரக்கிளை ஒன்றைப் பித்தளை அண்டாவில் நிறுத்திவைத்திருந்தார்களாம். அண்ணன் திரும்பி வந்தபோது கண்கள் மின்னின. "பெரிய மனுசங்க ஊட்டுல பூவெல்லாம் வெக்கறதில்ல. மரத்தையே வெக்கறாங்க" என்றார். இரண்டு வாரத்தில் அந்த மேலதிகாரி மனைவியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அண்ணனின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது நிரந்தரமாக மேலதிகாரியின் கையெழுத்து வேண்டியிருந்தது.

அடுத்து வந்த ஞாயிறன்று நாங்கள் மூவரும் துணி துவைக்கப் பாம்பாற்றுக்குப் போனோம். அடைமழை ஓய்ந்து வெள்ளம் வடிந்த சமயம். இரண்டு பாறைகளுக்கு இடையே ஆளுயரக் கொம்பு ஒன்று சிக்கிக் கிடந்தது. பாதிப் பட்டை தண்ணீரில் உரிந்துபோய், மூன்று கிளைகள் கையை விரித்ததுபோல் பிரிந்து, உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"தெரியாத மரமுங்க. எங்கிருந்து வந்துதோ என்னமோ. ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க" என்றார் நங்கையா.

அண்ணன் சிறு குச்சி ஒன்றை முறித்து முகர்ந்து பார்த்தார். பிறகு எங்கள் இருவர் மூக்கின் அருகிலும் நீட்டினார். ஈர மண் வாசனைதான் வந்தது. "சந்தனமா இருந்தா மணக்காதா? இத்தன நாளா இந்த ஊர்ல இருக்கற, இதுகூடத் தெரியலயா உனக்கு?" என்றார். அவர் வாயால் சந்தனம் என்ற சொல் அந்த ஆற்றங்கரையிலேயே வந்துவிட்டது என்பதைப் படிப்பவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். ஐயம் எழுந்தது அவருக்கு. அதைத் தீர்த்துக்கொண்டதும் அவரே. கொம்பின் அடிப்பக்கத்தை அவர் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கிளைப்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நங்கையா ஈரத் துணிக் கூடையைச் சுமந்து வந்தார். அந்தக் கொம்பில் அவர் விரல்கூடப் படவில்லை. மேடேறும்போது மூன்று முறை இறக்கி வைத்து ஓய்வெடுத்தோம். மீதமிருந்த பட்டையை அண்ணன் ஓட்டுச் சில்லால் இரண்டு நாள் மாலை உட்கார்ந்து சுரண்டினார். மண்ணெண்ணெய் டின்னில் மணலை நிரப்பி அதை முன்னறை மூலையில் நிறுத்தியவரும் அவர்தான். வாதத்தில் தோற்ற நங்கையா, டின் தெரியாமல் அதைச் சுற்றிப் பாசியை ஒட்டினார். அவ்வளவே அதில் அவருடைய பங்கு.

விருந்தினர்கள் அதற்கடுத்த ஞாயிறு பிற்பகல் ஜீப்பில் வந்தார்கள். மேலதிகாரி கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மனைவியும் அந்தப் பக்கந்தான். கூட மூன்றாவதாக ஒருவரும் இறங்கினார். வழியில் பார்த்த நண்பர், வன அதிகாரி என்று அறிமுகம் செய்தார் மேலதிகாரி. அண்ணன் முகத்தில் இரட்டை வெளிச்சம். ஒருவருக்குப் பதில் இரண்டு அதிகாரிகள். நங்கையா எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தவையைப் பிழிந்து தேங்காய்ப் பாலும் வெல்லமும் எடுத்து வைத்திருந்தார். மூங்கில் தட்டில் பூவரச இலை விரித்து அதன்மேல் எண்ணெயில் பொரித்த வெல்லக் கச்சாயத்தை அடுக்கியிருந்தார். குடிநீர்ப் பானையில் வெட்டிவேர் மிதந்தது.

மேலதிகாரியின் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இதெல்லாம் யார் பண்ணினா? உள்ளே நுழையறச்சேயே மனசு குளுந்துடுத்து. இந்தப் பூ என்ன பூ? கரும்பா? கரும்பு பூக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நன்னா இருக்கு. எங்காத்துல பிளாஸ்டிக்கை வாங்கி வச்சுண்டு தூசி தட்டிண்டிருக்கோம்."

அண்ணன் முன்னால் வந்தார். "எல்லாம் என்ற ஏற்பாடுதானுங்க. இப்பிடி வெய்யி, அப்பிடி வெய்யின்னு நாந்தான் சொல்லிக் குடுத்தது. இவளுக்கு என்ன தெரியும்? நாலு கோழி வளக்கத் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உள் வாசலில் என் பக்கத்தில் நின்ற நங்கையாவும் சிரித்தார். அவர் அப்போது புண்படவில்லை. வந்தவர்களின் கண்கள் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன, அது அவருக்குப் போதுமாக இருந்தது. மாட்டுக் கொட்டாய் என்று ஏசிய வாயே அதை உரிமை கொண்டாடியதைக் கேட்டு என் காதில் மட்டும், "பாத்தயா, இப்பக் கொட்டாய்க்குச் சொந்தக்காரர் வந்துட்டாரு" என்றார்.

வன அதிகாரி காபிக் குவளையோடு மூலையில் நின்ற கொம்பின் முன்னால் வெகுநேரம் நின்றார். விரலால் அதன் வரிகளைத் தடவிப் பார்த்தார். குனிந்து, பாசியை மெல்ல ஒதுக்கி, சட்டைப் பையிலிருந்த சிறு கத்தியால் அடிப்பக்கத்தைச் சற்று ஆழமாகச் செதுக்கினார். வெளுப்பான மேல்கட்டை சீவிப் போயிற்று. உள்ளே தேன் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. அடுத்த கணம் அந்த அறை மணத்தது. பலகைச் சுவருக்குள் புகையும் ஈரமும் தவிர வேறெதையும் அறியாத அந்த அறை, எங்கள் எலப்புள்ளிக் கூடம் விசேஷ நாளில் மணப்பதுபோல மணத்தது. நங்கையா வியப்பில் தன்னை மறந்து, "ஐயோ, மணக்குதுங்க!" என்று முன்னறைக்குள்ளேயே வந்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. வேறு யாரும் மகிழவில்லை. மேலதிகாரி குவளையைக் கீழே வைத்தார். அண்ணனின் முகம் வெளிறியது.

அந்த வன அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அனுமதியின்றி அந்த மரத்தின் ஒரு துண்டையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். கண்டபின் விட்டுவிட அவரால் முடியாது. ஆனால் அவர் கடுமையாக ஒரு சொல் பேசவில்லை. பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அண்ணனிடம் சொன்னார்: "பேடிக்க வேண்டாம். ஆத்துல ஒழுகி வந்த கொம்புதானே, பாத்தாலே தெரியுது. நான் எடுத்துட்டுப் போயி ஒப்படைச்சிருவேன். யார் எடுத்ததுன்னு ஒரு வரி எழுதித் தந்தாப் போதும். யாரா இருந்தாலும் ஒண்ணுதான்."

யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதை நான் தெளிவாகக் கேட்டேன். அண்ணனும் கேட்டார். அவசரநிலை நடப்பில் இருந்த காலம் அது. அலுவலகத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினால்கூட வேலை போய்விடும் என்று அண்ணன் அஞ்சிக்கொண்டிருந்த நாள்கள். அவருடைய அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும் ஓர் ஆள் வந்து அச்சம் வேண்டாம் என்று சொன்னபிறகும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இவதாங்க எடுத்தாந்தா. தெரியாத மரத்தை ஊட்டுக்குள்ள வெக்காதீன்னு நான் சொன்னேனுங்க. கேக்க மாட்டீன்னுட்டா."

ஆற்றங்கரையில் நங்கையா சொன்ன சொற்களை எடுத்து, தம் சொற்களாக அவர் சொன்னார். கால் மணி நேரத்துக்கு முன் அந்த அறையில் இருந்த எல்லாம் அவருடையவை. இப்போது எல்லாம் நங்கையாவுடையவை. நங்கையா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வன அதிகாரியும் என் பக்கம் திரும்பி, "மோளே, நீயும் கூடப் போனியா?" என்று மிகவும் இயல்பாகக் கேட்டார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். "நங்கையாதானுங்க" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லை எத்தனையோ முறை எனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பதினாறு வயது, பயம், அண்ணன் என்ற மரியாதை என்று எத்தனை காரணம் அடுக்கினாலும் அது பொய்யாகவே நிற்கிறது.

காகிதத்தை அண்ணனே எடுத்து வந்து மலையாளத்தில் எழுதினார். நங்கையாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். தோளுக்கு மேலிருந்து படித்தேன். அறிவுக் குறைவினால், கணவரின் எச்சரிக்கையையும் மீறி, அவருக்குத் தெரியாமல் இந்த மரத்துண்டைக் கொண்டு வந்து அலங்காரத்துக்கு வைத்தேன் என்று அதில் இருந்தது. "என்னன்னு எழுதியிருக்குதுங்க?" என்று கேட்டார் நங்கையா. "ஒண்ணுமில்ல, ஆத்துல கெடந்துச்சுன்னு. கையெழுத்துப் போடு" என்றார் அண்ணன். நங்கையா தமிழில், எழுத்துக் கூட்டி, தம் பெயரை முழுவதுமாக எழுதினார். விடைபெறும்போது மேலதிகாரியின் மனைவி மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதே" என்றார்.

ஜீப் போனபின் நங்கையா முன்னறையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வெளியே போட்டார். அழவில்லை. சத்தம் போடவில்லை. எல்லாம் முடிந்தபின் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க தூக்கிட்டு வந்தீங்கன்னு சொல்லியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"ஏதோ ஆயிருக்கும். எனக்கு வேலை இருக்குது. உனக்கென்ன, வேலையா போவப்போவுது?"

என் கோபம் முழுவதும் இந்த விடையில்தான் வந்து நிற்கிறது. வேலை இல்லாத பெண்ணுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவர் உண்மையாகவே எண்ணினார். கொடுமை செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல், மழைக்கு யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு போவதுபோல, நங்கையாவின் பெயரை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது திருட்டாகத் தோன்றவில்லை.

வேலை நிரந்தரமாயிற்று. நாங்கள் பொங்கலுக்கு எலப்புள்ளிக்குப் போகும் முன்பே கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. போகியன்று கூரை இறவாணத்தில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவது எங்கள் வழக்கம். மருமகள்கள்தாம் அவற்றை வயலோரத்திலிருந்து பறித்து வருவார்கள். நங்கையா கூடையை எடுத்தபோது அம்மா தடுத்தார். "நீ போவாத சாமி. என்ன மரத்தைக் கொண்டாந்து வெப்பயோ, போலீசுக்காரன் வந்து நிப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் உரக்கச் சிரித்தார். நங்கையா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அதற்குப் பிறகு எந்தப் பொங்கலிலும் அவர் அந்தக் கூடையைத் தொடவில்லை.

அந்தக் கதை எங்கள் வீட்டில் விருந்தினருக்குப் பரிமாறும் பண்டங்களில் ஒன்றாகிவிட்டது. யார் வந்தாலும் காபிக்குப் பின் அதுவும் வரும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க அண்ணன், "எங்கூட்டுல ஒருத்தி சர்க்கார் சந்தன மரத்தையே கொண்டாந்து ஜோடிச்சவளுங்க" என்று தொடங்கினார். கையில் தட்டோடு நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தட்டில் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நங்கையா. அவர் கை ஒரு கணம் நின்றது, பிறகு அடுக்கியது. உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அண்ணனைச் சபையில் பொய்யனாக்கும் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்றும் தோன்றியது. இரண்டாவது எண்ணம் வென்றது. என் திருமணம் நன்றாகவே அமைந்தது. அதற்கு நான் கொடுத்த விலை எனக்குச் சொந்தமானதல்ல.

எழுபதுகள் முடியும் தறுவாயில் அண்ணன் பாலக்காட்டில் சொந்த வீடு கட்டினார். முன்னறையில் கண்ணாடி அலமாரி, அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ரோஜாக்கள். வெள்ளிக்கிழமைதோறும் நங்கையா அவற்றைச் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு இதழாகக் கழுவித் துணியில் உலர்த்துவார். புதுமனை புகுவிழாவுக்கு அந்த மேலதிகாரியும் மனைவியும் வந்திருந்தார்கள். அவர் மனைவி அலமாரியைப் பார்த்தார். பிறகு நங்கையாவைத் தேடி, "மறையூர்ல வச்சிருந்தயே, அந்தக் கரும்புப் பூ, புல்லு, அதெல்லாம் இங்கே வைக்கலையா?" என்று கேட்டார்.

நங்கையா வாய் திறக்குமுன் அண்ணன் சிரித்துக்கொண்டே, "வேண்டாமுங்க, இன்னொருக்கா எழுதிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். கூடியிருந்தவர்கள் அனைவருக்கும் கதை தெரியும். சிரிப்பு அலையாக எழுந்தது.

"ஏனுங்ணா, அதைத் தூக்கியாந்தது நீங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "முன்னாடி புடிச்சது நீங்க, பின்னாடி புடிச்சது நான். நங்கையா வேண்டாம் வேண்டாம்னு சொன்னாங்க. நீங்க எழுதுன காயிதத்தை நான் படிச்சேன். அதுல இருந்தது பூராப் பொய்யி."

மேலதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பழைய கதை, இப்போ எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன், "அம்முணிக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல" என்று சபைக்குச் சொன்னார். சற்று நேரத்தில் இலை போட்டார்கள், பேச்சு வேறு பக்கம் போயிற்று. அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பல ஆண்டுகள் பேசவில்லை. அது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. நான் எதிர்பார்த்தது வேறொருவரின் முகத்தை.

அடுப்படியில் நங்கையா சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்வார், அல்லது அழுவார், குறைந்தது என் கையையாவது பிடித்துக்கொள்வார் என்று நினைத்துப் போனேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அவர் குண்டானை நிமிர்த்தி வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அந்தாளு உன்னைக் கேட்டாரு. அன்னிக்குச் சொல்லியிருந்தா அது எனக்கு. இன்னிக்கு நீ சொன்னது உனக்கு. உன்ற மனசு ஆறோணும்னு சொல்லிக்கிட்ட. சரி, ஆறட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எலை போட்டாச்சு, ரசத்தை எடுத்துட்டு வா."

என் வாழ்நாளில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் அதைவிடச் சரியான சொற்கள் இல்லை. எத்தனையோ புத்தகங்களைப் படித்து, பிறர் செய்த அநீதிகளுக்காகக் கொதித்து, ஆசிரியையாக வகுப்பறைகளில் நீதி பற்றிப் பேசி நான் ஓய்வு பெற்றேன். சினத்துக்கும் ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தில் அது வெளிப்படாவிட்டால் பிறகு அது சினம் கொண்டவருக்கு மட்டுமே பயன்படும் என்பதை அந்த அடுப்படியில்தான் தெரிந்துகொண்டேன். அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை. அண்ணன் இறந்து காரியத்துக்குக் கூடிய உறவினர்களில் ஒருவர், அவர் எவ்வளவு நகைச்சுவையாகப் பேசுவார் என்பதற்கு எடுத்துக்காட்டாக அந்தச் சந்தனக் கதையைத்தான் சொன்னார். வெள்ளைச் சேலையில் நங்கையா அங்கேயே உட்கார்ந்திருந்தார். சொன்னவர் எனக்கு மாமன் முறை. எழுந்து வெளியே போகும்படி அவரிடம் சொன்னேன். அவர் போனார். அன்று நங்கையா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்ன பொருள் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். எலப்புள்ளியில் எங்கள் பழைய வீட்டின் ஒரு பகுதியில் அவர் இருக்கிறார். இரண்டு தெரு தள்ளி நான் இருக்கிறேன். நாள்தோறும் காலையில் போய்ச் செய்தித்தாளைப் படித்துக் காட்டுகிறேன். மறையூரில் நடந்ததை எழுதப் போகிறேன் என்று சென்ற மாதம் சொன்னேன். "எழுது. ஆனா நான் பாவம்னு எழுதிப்போடாத. நான் ஒருத்தருக்கும் பாவமில்ல" என்றார். எழுதியதை முழுவதும் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, கச்சாயத்தோடு முறுக்கும் வைத்திருந்தேனே, அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த முன்னறையில் ஆறு பேர் இருந்தோம். மேலதிகாரி போய்விட்டார். அவர் மனைவியும் போய்விட்டார். வன அதிகாரி காலமானதாக எப்போதோ கேள்விப்பட்டேன். அண்ணன் இல்லை. நங்கையா இருக்கிறார். நான் இருக்கிறேன்.